ஒப்பந்தம் மட்டும் போதுமா? பாலக்காடு, இடுக்கி எல்லையில் கல்வியும் தொழிலும் கைகோர்ப்பது எப்படி?

பாலக்காடு: கேரளத்தின் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வேலைக்கேற்ற திறனை இளைஞர்களுக்கு அளிப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. பாலக்காட்டில் புதிய தொழில் நகரம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்திருப்பதே இதற்குக் காரணம்.

10 மாநிலங்களில் 12 தொழில் நகரங்களை உருவாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் அளித்தது. அவற்றில் ஒன்று பாலக்காட்டின் புதுசேரி பகுதியில், 1,710 ஏக்கர் பரப்பில், ரூ.3,806 கோடி மதிப்பீட்டில் அமையவுள்ளது. கொச்சி - பெங்களூரு தொழில் வழித்தடத்தின் அங்கமான இந்நகரத்தால் சுமார் 51,000 பேருக்கு வேலை கிடைக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த வேலைகள் எல்லைப்பகுதி இளைஞர்களுக்குக் கிடைக்குமா என்பது, ஆலைகள் திறக்கப்படும் முன்பே அவர்கள் எத்தகைய பயிற்சியைப் பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கஞ்சிக்கோடு: ஆலைகளும் கல்வி நிலையங்களும் அருகருகே

வாளையாறு கணவாயைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியத் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், ஐ.டி.ஐ. லிமிடெட் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் ஆலைகள் 1970-களில் இங்கு தொடங்கப்பட்டன. பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி இரும்பு உருக்காலைகள், உணவுப் பொருள் ஆலைகள் எனப் பல தனியார் நிறுவனங்கள் இயங்குகின்றன.

கல்வி நிலையங்களும் தொலைவில் இல்லை. மலம்புழாவில் அரசு ஐ.டி.ஐ., கொடும்பில் அரசு பாலிடெக்னிக், அகத்தேத்தறையில் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி ஆகியவை உள்ளன. 2015-ல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி.யின் வளாகமும் கஞ்சிக்கோட்டில்தான் உள்ளது. கேரள அரசின் கூடுதல் திறன் பயிற்சித் திட்டமான அசாப், லக்கிடியில் திறன் பூங்கா ஒன்றை நடத்தி வருகிறது.

எனினும், ஆலையும் கல்வி நிலையமும் அருகருகே இருப்பதாலேயே ஒத்துழைப்பு ஏற்பட்டுவிடாது. அது எந்தக் கட்டங்களில் நிகழ வேண்டும் என்பதற்குச் சட்டமும் திட்டங்களும் வழிவகுத்துள்ளன.

ஒத்துழைப்பின் நான்கு கட்டங்கள்

முதலாவது, பாடத்திட்டம். ஒரு வேலையைச் செய்பவர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதைத் துறைவாரியாக வரையறுக்கும் பொறுப்பு, தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகள் இடம்பெறும் துறைத் திறன் குழுக்களுக்கு அளிக்கப்பட்டுள்ளது. கேரளத்தில் 1983-84-ல் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளும் தற்போது இந்தத் தேசியத் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வந்துள்ளன.

இரண்டாவது, நிர்வாகம். 2007-08-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களில் நிர்வாகக் குழுக்கள் அமைக்கப்பட்டு, அவற்றின் தலைமைப் பொறுப்பு தொழில்துறைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் ரூ.2.5 கோடி வரை வட்டியில்லாக் கடனும் வழங்கப்பட்டது. எந்த இயந்திரத்தை வாங்குவது, எந்தப் பிரிவைத் தொடங்குவது என்பதில் வேலை அளிப்பவரின் கருத்தும் இடம்பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மூன்றாவது, பயிற்சி நடைபெறும் இடம். ஜெர்மனியின் தொழிற்கல்வி முறையைப் பின்பற்றி 2016-ல் அறிமுகமான இரட்டைப் பயிற்சி முறையில், ஐ.டி.ஐ. மாணவர் அடிப்படைப் பாடங்களை வகுப்பிலும், பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை ஆலையிலும் கற்கிறார். அளவீடு, அரம் பிடித்தல், கடைசல் ஆகியவற்றைக் கல்வி நிலையம் கற்பிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென நின்றால் பழுதைக் கண்டறிவது எப்படி என்பதை ஆலைத் தளத்தில்தான் முழுமையாகக் கற்க முடியும்.

நான்காவது, தொழில் பழகுநர் பணி. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகளில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை ஏற்க வேண்டும். 200 பேர் பணிபுரியும் ஆலை எனில் 5 முதல் 30 பழகுநர்கள் வரை சேர்க்கப்பட வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது.

சட்டம் தராத உறுதி

பழகுநர் என்பவர் சட்டப்படி பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை வழங்க வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்திற்கு இல்லை. இது குறித்த கொள்கையை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு நிறுவனத்திடமே விடப்பட்டுள்ளது. எனவே முறையாகக் கற்பிக்கும் எண்ணமில்லாத இடத்தில், பழகுநர் குறைந்த செலவில் கிடைக்கும் உதவியாளராக மட்டுமே பயன்படுத்தப்படும் அபாயம் உள்ளது. இதைத் தடுக்கக்கூடியவர்கள் ஆசிரியர்கள். மாணவரை ஆலைக்கு அனுப்பியதோடு கடமை முடிந்துவிடாமல், அவர் அங்கு எந்த இயந்திரத்தில், யாரிடம், என்ன கற்கிறார் என்பதைத் தொடர்ந்து கண்காணிக்கும்போதுதான் ஒப்பந்தம் பயிற்சியாக மாறுகிறது.

கல்வியும் உற்பத்தியும் ஒரே வளாகத்தில் இணைந்த முன்னுதாரணம், எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரில் உள்ளது. பீளமேட்டில் 1926-ல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், பம்பு, மோட்டார் போன்றவற்றைச் சந்தைக்கு உற்பத்தி செய்துகொண்டே மாணவர்களுக்கும் பயிற்சி அளித்தது. விற்பனைக்குச் செல்லும் பொருளை உருவாக்கிக் கற்பவருக்குத் தரம், காலக்கெடு, செலவு ஆகியவை பாடத்தின் பகுதியாகவே அமைந்துவிடுகின்றன.

இடுக்கி: திறன் உண்டு, சான்று இல்லை

மலைப்பகுதியில் நிலைமை வேறு. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் முதன்மையான வேலைவாய்ப்பு தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள். தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் நாள்தோறும் சென்று திரும்பும் பெண்களும் ஏராளம்.

ஏலக்காயில் முற்றிய காயை மட்டும் தேர்ந்தெடுத்துப் பறித்தல், நிழல் மரங்களைக் கழித்தல், நிறம் கெடாமல் உலர்த்துதல் ஆகியவை விலையைத் தீர்மானிக்கும் நுட்பமான திறன்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் கீழ் மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் இத்துறையின் அறிவு மையங்கள். தேயிலைக்கு, தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி அமைப்பு மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் மையங்களை நடத்துகிறது.

அறிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தோட்டத்திற்கு மட்டுமே செல்வதில்லை. ஏலக்காய் விளைச்சலைப் பன்மடங்கு உயர்த்திய ஞள்ளானி ரகத்தை உருவாக்கியவர் கட்டப்பனைப் பகுதி விவசாயி ஒருவர்.

ஆனால் 20 ஆண்டுகள் காய் பறித்த பெண்ணிடமும் அந்தத் திறனுக்குச் சான்று எதுவும் இருப்பதில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ள 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற பிரிவு, அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்க வழி செய்கிறது. எனினும் நாட்கூலி முறையில் சான்று பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே கூலி என்றால், அச்சான்றால் பயன் குறைவு. கூலியோடு இணைக்க வேலை அளிப்பவர் முன்வரும்போதுதான் அதற்கு மதிப்பு ஏற்படும்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் வேலையோடு பிணைக்கப்பட்டவை. பெற்றோர் ஓய்வு பெற்றபின் அதே வீட்டில் குடும்பம் தொடர, பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் சேர வேண்டிய நெருக்கடி எழுகிறது. ஐ.டி.ஐ. படிப்பா, வீடா என்ற இந்தத் தேர்வை எந்தப் பாடத்திட்டத்தாலும் தனித்துத் தீர்க்க முடியாது.

வேலை அளிப்பவர் முன்வந்தால் என்ன நிகழும் என்பதற்கு மூணாறிலேயே சான்று உள்ளது. டாடா குழுமத்தின் ஆதரவுடன் உருவான சிருஷ்டி நல மையத்தில், தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கல்வியும், இயற்கைச் சாயமிடல், கைவினைக் காகிதம் தயாரித்தல் போன்ற தொழில்களில் பயிற்சியும் அளிக்கப்பட்டு, அங்கேயே வேலையும் வழங்கப்படுகிறது.

மொழி என்னும் தடை

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் மலை வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை வழங்குகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த மாணவர், தொழிற்பயிற்சியில் பெரும்பாலும் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் எதிர்கொள்கிறார். இரு மொழி அறிந்த பயிற்றுநர், தமிழிலும் அமைந்த பாதுகாப்பு அறிவிப்புகள், தொழிற்சொற்களுக்கான எளிய கையேடு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இயந்திரத்தின் அருகே எச்சரிக்கை வாசகம் புரியாமல் போவது உயிருக்கே ஆபத்து என்பதால், இது ஆலைகளின் பொறுப்பும் ஆகும்.

அடுத்து என்ன?

1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தும் ரூ.60,000 கோடித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசு ரூ.30,000 கோடி, மாநிலங்கள் ரூ.20,000 கோடி, தொழில்துறை ரூ.10,000 கோடி எனப் பங்களிப்பு வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீன தொழில்நுட்ப மையங்களாக ஏற்கெனவே மாற்றப்பட்டுள்ளன.

இத்தகைய திட்டங்களின் வெற்றியை, கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளவிட இயலாது. பயிற்சியில் சேர விரும்பும் மாணவரும் பெற்றோரும் கல்வி நிலையத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பயிற்சியில் எத்தனை மாதங்கள் ஆலையிலோ தோட்டத்திலோ நடைபெறும்? அங்கு கற்பிக்கப் பொறுப்பானவர் யார்? கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர், எந்த ஊதியத்தில் வேலையில் உள்ளனர்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை தரும் நிலையங்களில்தான் வேலை அளிப்பவர் உண்மையான பங்காளியாக இருக்கிறார் என்று கொள்ளலாம்.