துவேஷப் பிரசாரமும் சர்க்காரின் கடமையும்

இணையத்தின் வழியாக வாலிபர்களின் உள்ளத்தில் துவேஷ விஷம் ஏற்றப்படுவதைச் சர்க்கார் எவ்வாறு தடுப்பது என்பது இன்று தேசத்தின் முன் நிற்கும் சிக்கலான பிரச்னைகளில் ஒன்று. டெல்லியிலும் சென்னையிலும் இதைப்பற்றி யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கடல் கடந்த இயக்கங்களையும் வெடிகுண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே யோசிக்கிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 2022 அக்டோபர் 23-ந் தேதி கோயம்புத்தூரில் ஒரு கோயிலுக்கு எதிரே கார் வெடித்ததை யாரும் மறக்கவில்லை. ஆயினும், இந்த வியாதி குண்டின் உருவத்தில் மட்டும் வெளிப்படுவதில்லை. ஜாதியின் உருவத்திலும், வதந்தியின் உருவத்திலும் அது கிராமங்களுக்குள் புகுகிறது. இதற்குப் புதுக்கோட்டை ஜில்லாவே சாட்சி.

2019 ஏப்ரல் 18-ந் தேதி தமிழ்நாடு பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களித்தது. அதையொட்டிப் பொன்னமராவதியில் நிகழ்ந்ததை இந்த ஜில்லாவாசிகள் அறிவார்கள். ஒரு சமூகத்தாரையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் இழித்துப் பேசும் ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸப் மூலம் கைக்குக் கை பரவிற்று. பேசியவர் யார், எங்கிருந்து பேசினார் என்பதொன்றும் கேட்டவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஜனங்கள் திரண்டார்கள், கற்கள் பறந்தன, வாகனங்கள் சேதமுற்றன, போலீஸாரும் காயமடைந்தார்கள். அப்போது அமலிலிருந்த கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவின்படி சுற்றுக் கிராமங்களில் தடையுத்தரவு பிறந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் வாங்கியும் விற்றும் வாழ்ந்த ஜனங்களை, முகமில்லாத ஒரு குரல் ஓரிரு நாட்களில் எதிரெதிரே நிறுத்திவிட்டது.

இதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில் நடந்தது இன்னும் கொடியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த வயோதிகப் பெண் ஒருத்தியை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அடித்தவர்கள் எந்த இரகசிய இயக்கத்தையும் சேர்ந்தவர்களல்லர். வயலுக்கும் வேலைக்கும் போய்வரும் சாதாரண மனிதர்கள்.

இத்தகைய பிரசாரத்தை எதிர்க்கச் சர்க்காரிடம் ஆயுதங்கள் இல்லாமலில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, தேசப் பாதுகாப்பையும் பொது அமைதியையும் முன்னிட்டு இணையப் பக்கங்களை முடக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. 2017-ல் உள்துறை இலாகாவில் இதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. 2021-ல் வந்த விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டும்படி பெரிய கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த முற்பட்டன. இவை போதாவிட்டால் இணையத்தையே துண்டித்துவிடும் வழக்கமும் இருக்கிறது.

இந்த ஆயுதங்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கொலைக்குத் தூண்டுகிறவனைப் பேச்சுரிமையின் பெயரால் காப்பாற்ற வேண்டுமென்று எந்த வக்கீலும் வாதாட மாட்டார். ஆனால் இவற்றின் சக்தி எவ்வளவு என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

அண்டை நாடாகிய இலங்கையின் அநுபவத்தைப் பார்ப்போம். 2018 மார்ச்சில் கண்டிப் பிரதேசத்தில் முஸ்லிம்களுக்கு விரோதமாகக் கலகம் மூண்டபோது அந்நாட்டுச் சர்க்கார் பேஸ்புக், வாட்ஸப் முதலியவற்றை முடக்கியது. 2019 ஏப்ரல் 21-ந் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று நிகழ்ந்த கோர குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் முடக்கியது. இருந்தும் அடுத்த மாதமே முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் மீண்டும் தாக்கப்பட்டன. 2018 சம்பவங்களில் தன் சாதனம் துர்உபயோகப்பட்டதற்கு பேஸ்புக் கம்பெனி 2020-ல் வருத்தம் தெரிவித்தது. சிங்களம் அறிந்து பதிவுகளைப் பரிசீலிக்கப் போதிய ஆட்கள் இல்லாமற்போனது அக்குறைகளில் ஒன்று. நமது நாட்டிலும் 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்த ஜாதிப் பெருமைப் படங்கள் அத்துடன் ஒழிந்தனவா? வேறு சாதனங்களுக்குக் குடிபெயர்ந்தன, அவ்வளவே.

மற்றோர் அபாயமும் உண்டு. தீவிரவாதப் போக்கு என்பது எதுவென்று நமது சட்டம் வரையறுத்துச் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் பழைய வரலாற்றைத் தமிழர்கள் மறக்கலாகாது. 1907 சூரத் காங்கிரஸில் திலகரைப் பின்பற்றியவர்களுக்கே தீவிரவாதிகள் என்று பெயர். மறு வருஷம் ராஜநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்கோட்டம் புகுந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையும் அந்தக் கட்சியினரே. இந்த ஜில்லாவின் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும் அந்நிய சர்க்காரின் சிறைகளைக் கண்டவர். அன்றைய அதிகாரிகளின் கண்ணுக்கு அபாயகரமாகத் தோன்றிய பேச்சுத்தான் இன்று நமக்குச் சுதந்திரமாக இருக்கிறது. ஆகவே, சர்க்காரைக் கண்டிப்பவனையும் சக மனிதனை வெட்டத் தூண்டுகிறவனையும் ஒரே வலையில் பிடிக்கும் சட்டத்தை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது. சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-ந் தேதி 66ஏ பிரிவைச் செல்லாதென்று தள்ளியபோது, விவாதிப்பதும் ஒரு கருத்துக்காக வாதாடுவதும் வேறு, தூண்டிவிடுவது வேறு என்று தெளிவாகக் கோடு கிழித்தது. அந்தக் கோட்டைத் தாண்டாமலே சர்க்கார் தன் காரியத்தைச் செய்ய முடியும். 69ஏ பிரிவின்படி பிறக்கும் உத்தரவுகளை இரகசியமாக வைக்கச் சொல்லும் 2009-ம் வருஷத்து விதி இதற்கு முதல் இடைஞ்சல். காரணம் சொல்லாத உத்தரவை நியாயஸ்தலத்தில் எதிர்ப்பது எப்படி?

அப்படியானால் பரிகாரம் என்ன? அதற்குப் புதுக்கோட்டையார் வெளியூரில் தேட வேண்டியதில்லை. 1991-ல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணையாக நின்றார். ஊதியம் கருதாத தொண்டர்கள் மாலை வேளைகளில் கிராமந்தோறும் எழுத்தறிவித்தார்கள். கல்குவாரியில் உடைத்த பெண்கள் படித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். போலீஸ் உத்தரவாலோ அபராதத்தாலோ அது நடக்கவில்லை. ஜனங்களைத் தேடி அவர்கள் வாசலுக்கே சென்றதால் நடந்தது.

அன்று அச்செழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அறிவொளி தேவைப்பட்டது. இன்று எழுத்துத் தெரிந்தும், கைபேசியில் வருவது மெய்யா பொய்யா என்று பகுத்தறியத் தெரியாதவர்களுக்கு அது தேவைப்படுகிறது. நங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பின், ஜாதி வேற்றுமையைப் பள்ளிகளிலிருந்து அகற்ற வழி கூறும்படி நீதிபதி சந்துரு நியமிக்கப்பட்டார். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை நம் கையில் இருக்கிறது. பள்ளி வாசலோடு அந்த வேலை நின்றுவிடக் கூடாது. வருஷத்தில் ஆறு முறை கூடும் கிராம சபைகளிலும், நூலகங்களிலும், பெண்களின் சுய உதவிக் குழுக்களிலும் இந்தப் புதிய கல்வி நடக்க வேண்டும்.

கல்வி மெதுவாகப் பலன் தரும். கலகமோ ஒரே இரவில் மூளும் என்று ஆட்சேபிப்பார்கள். உண்மைதான். அதற்காகவே ஒவ்வொரு தாலுகாவிலும் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர், வதந்தி பிறந்த முதல் மணி நேரத்திலேயே உண்மை இன்னதென்று தமிழில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். சர்க்கார் மௌனம் சாதிக்கும் இடத்தில்தான் வதந்தி பேசுகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முடக்க உத்தரவுகள் காரணத்துடன் பிரசுரிக்கப்பட வேண்டும். விஷத்தைத் தயாரித்தவன் மீது சட்டம் தாமதமின்றிப் பாய வேண்டும். அறியாமல் கேட்டு மயங்கிய சிறுவனைக் கைதியாக்காமல், பெற்றோரும் ஆசிரியரும் சமயப் பெரியோரும் சேர்ந்து மீட்க வழி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் லாபம் சம்பாதிக்கும் கம்பெனிகள், தமிழறிந்த பரிசீலகர்களைப் போதிய அளவில் நியமிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது அறிவொளி இயக்கம் ஒன்றைத் தமிழ்நாட்டு சர்க்கார் புதுக்கோட்டையிலேயே தொடங்க வேண்டும். முதல் இயக்கத்தில் எழுத்துக் கற்ற தாய்மார்களில் பலர் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் கையில் இருக்கும் கருவி அண்டை வீட்டாரைப் பகைவராக்காமல் காப்பது சர்க்காருக்கும் நமக்கும் உரிய பொதுக் கடமையாகும்.