உத்ராரில் திறந்த வாயில்

மங்கோலியர் என்றதும் நம் நினைவு கி.பி. 1258இல் ஹுலாகூவின் படைகள் அழித்த பக்தாதையே நாடுகிறது. ஆயினும், முஸ்லிம் நாடுகளுக்குள் அவர்கள் நுழைந்த வழி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டது. அதைத் திறந்தவர் யார் என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

சிதறிக் கிடந்த புல்வெளிக் குலங்களை ஒன்றிணைத்த தெமூஜின், 1206இல் செங்கிஸ்கான் எனும் பட்டம் பெற்றார். பத்து, நூறு, ஆயிரம் எனப் படையை வகுத்துக் குலப்பற்றைக் கரைத்தார். அவருடைய முதல் நாட்டம் சீனத்தின் மீதே இருந்தது; 1215இல் இன்றைய பெய்ஜிங் அவர் வசமாயிற்று.

மேற்கே, கராகிதாய் அரசைக் கைப்பற்றியிருந்த குச்லுக் முஸ்லிம்களைக் கொடுமைப்படுத்தி வந்தார். 1218இல் அவரைத் துரத்தி வந்த மங்கோலியத் தளபதி ஜெபே, அவரவர் மார்க்கத்தை அவரவர் பின்பற்றலாம் என அறிவித்தார். காஷ்கர் முஸ்லிம்கள் அப்படையை மகிழ்ந்து வரவேற்றனர்! பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது. கராகிதாய் வீழ்ந்ததும், செங்கிஸ்கானின் எல்லை குவாரிஸ்ம் பேரரசின் எல்லையைத் தொட்டது.

அவ்வேளையில் செங்கிஸ்கான் அனுப்பிய ஏறக்குறைய 450 வணிகர்கள் சிர் தர்யா ஆற்றங்கரையிலிருந்த உத்ரார் நகரை அடைந்தனர். அவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜுவைனி. ஆளுநர் இனால்சுக் அவர்களை ஒற்றர்கள் எனக் குற்றஞ்சாட்டிக் கொன்று, சரக்குகளைப் பறித்துக்கொண்டார். நீதி கேட்டு வந்த தூதரையும் குவாரிஸ்ம் ஷா முஹம்மத் கொல்வித்தார். இனால்சுக் ஷாவுடைய தாயார் துர்க்கான் காத்தூனின் உறவினர். தாயாரைச் சார்ந்திருந்த துருக்கியப் படைத்தலைவர்களைப் பகைக்க ஷா அஞ்சினார் போலும்.

கலீஃபா அந்நாஸிரிடம் உதவி கேட்கவும் ஷாவுக்கு முகமில்லை; 1217இல் அவர் பக்தாத் மீதே படையெடுத்து, பனிப்பொழிவால் திரும்பியவர். தம் தளபதிகளையும் நம்பாது, பெரும்படையை நகர்தோறும் பிரித்து நிறுத்தினார். 1220இல் புகாராவும் சமர்கந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. ஓடிய ஷா காஸ்பியன் கடற்தீவு ஒன்றில் மாண்டார்.

அவர் மகன் ஜலாலுத்தீன் 1221இல் பர்வானில் மங்கோலியரை முறியடித்தார். ஆனால் போரில் கிடைத்த குதிரையொன்றுக்காகத் தளபதிகள் பூசலிட, படையில் பெரும்பகுதி பிரிந்து சென்றது. சிந்து நதிக்கரையில் தோற்ற அவர், குதிரையோடு ஆற்றில் பாய்ந்து மறுகரை சேர்ந்தார். தில்லி சுல்தான் இல்துத்மிஷிடம் புகலிடம் கோரினார், அது மறுக்கப்பட்டது.