நவம்பரில் ஜெயித்த ஆட்டம் மார்ச்சில் கோப்பை தந்தது!

போடிநாயக்கனூரில் ஐப்பசி பிறந்தால் ஊரே ஏலக்காய் மணக்கும். விடிவதற்குள் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியுடன் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில் வேலை. பொழுது சாய்ந்ததும் மலை இறங்கி வீடு திரும்புவார்கள்.

ஏலச் செடியில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆவணியில் தொடங்கினால் தை வரைக்கும், மாதம் ஒரு தடவை போல, அதே செடியில் திரும்பத் திரும்பக் காய் எடுக்க வேண்டும். முதல் தடவை எடுத்த காயும் எடைதான்; கடைசித் தடவை எடுத்த காயும் எடைதான். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் வெடித்துவிடும். அடுத்த மாதம் வந்து தேடினால் கிடைக்காது.

"கால்பந்துச் செய்தியில் ஏலக்காய் எதற்கு?" என்று கேட்கிறீர்களா? லீக் ஆட்டமும் இதே கணக்குத்தான். இது புரிந்தால், 2018-ம் ஆண்டு கோவையில் தொடங்கிய அதிசயமும் புரிந்துவிடும்.

லீக் என்றால் என்ன?

திருவிழாக் காலத்தில் நம் ஊர்களில் நடக்கும் போட்டி வேறு. அதில் தோற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். லீக் அப்படி அல்ல. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் இரண்டு தடவை மோத வேண்டும். சொந்த ஊரில் ஒரு தடவை. எதிரியின் ஊரில் ஒரு தடவை. ஜெயித்தால் 3 பாயிண்டு. சமமாக முடிந்தால் ஆளுக்கு 1. தோற்றால் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் ஆடி, கடைசியில் யாரிடம் பாயிண்டு அதிகமோ அவர்களுக்கே கோப்பை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் சில வாரங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. "இன்னும் எத்தனையோ ஆட்டம் இருக்கிறதே!" என்று சொல்லிவிடுவார்கள்.

கால்பந்து நம் மலைக்குப் புதிது அல்ல. போடிக்கு மேலே மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் அணி சேர்த்து, "பின்லே" கேடயத்துக்காக ஆடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் அகில இந்திய அளவில், ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

எட்டாம் இடத்து அணி

சென்னை சிட்டி என்று ஓர் அணி. பெயர்தான் சென்னை, அப்போது அதற்குச் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்! 2017-18-ம் ஆண்டு ஐ-லீக்கில் 10 அணிகள் ஆடின. அதில் இந்த அணிக்கு எட்டாவது இடம். அடுத்த ஆண்டு இவர்கள் கோப்பையைத் தூக்குவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கோச் சிங்கப்பூர்க்காரர், அக்பர் நவாஸ். வெளிநாட்டிலிருந்து சில ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்ரோ மன்சி. உருகுவே நாட்டில் பிறந்தவர். நம் தமிழ்நாட்டுப் பையன்களும் அணியில் இருந்தார்கள். எட்வின் சிட்னி வன்ஸ்பால் அவர்களில் ஒருவர்.

2018 அக்டோபர் 26-ந் தேதி கோவையில் முதல் ஆட்டம். எதிரே இந்தியன் ஆரோஸ். அது அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இளைஞர்களுக்காக நடத்திய அணி. மன்சி ஒருவரே மூன்று கோல் போட்டார். சென்னை சிட்டி 4-1 என்று ஜெயித்தது. "சின்னப் பையன்களைத்தானே ஜெயித்தார்கள்!" என்று சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் நவம்பர் 13-ந் தேதி நடந்ததற்கு என்ன சொல்வது? அன்று ஆட்டம் கொல்கத்தாவில். எதிரே ஈஸ்ட் பெங்கால். 1920-ம் ஆண்டு தொடங்கிய பழம்பெரும் கழகம். கொல்கத்தாவில் கால்பந்துக்காகச் சோறு தண்ணீர் மறக்கும் ஜனங்கள் உண்டு. அவர்கள் கண்ணெதிரிலேயே 2-1 என்று ஜெயித்துவிட்டுத் திரும்பியது சென்னை சிட்டி!

மார்கழி போயிற்று, தை போயிற்று, மாசியும் முடியப் போகிறது. போட்டி இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவேதான் என்று ஆகிவிட்டது. 2019 மார்ச் 9-ந் தேதி கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டி, முந்திய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் மோதியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் மோதியது.

ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. கோவை மைதானம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! மன்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். கோலைத் தடுக்க வேண்டியவர் கோல் போட்டு ஊரைக் காப்பாற்றினார்! முடிவு 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. ஆனாலும் பயன் இல்லை.

சென்னை சிட்டி 43. ஈஸ்ட் பெங்கால் 42.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். நவம்பரில் கொல்கத்தா ஆட்டம் சமமாக முடிந்திருந்தால்? சென்னை சிட்டிக்கு 2 பாயிண்டு குறைந்து 41. ஈஸ்ட் பெங்காலுக்கு 1 கூடி 43. கோப்பை கொல்கத்தாவுக்கு! அது இருக்கட்டும். முதல் நாள் அந்தச் "சின்னப் பையன்களுடன்" சமமாக முடித்திருந்தாலும் 41தான். அப்போதும் கோப்பை போயிருக்கும்.

பனி நாட்டிலும் இதே கதை

சுவீடன் நாட்டில் பனி கொட்டும். அதனால் அங்கே லீக் ஆட்டம் ஏப்ரல் வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும். 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம். 2023-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, கடைசி நாளில் மால்மோவும் எல்ப்ஸ்போரியும் நேருக்கு நேர் மோதின. எல்ப்ஸ்போரி அணி, நம் கோவை மாதிரி ஜவுளிக்குப் பெயர்போன பூராஸ் நகரத்து அணி. அதற்குச் சமமாக முடித்தாலே போதும். ஆனால் மால்மோ 1-0 என்று ஜெயித்தது. இரண்டு அணிக்கும் 64 பாயிண்டு! கோல் கணக்கில் மால்மோவுக்குக் கோப்பை. ஏப்ரலிலோ மே மாதத்திலோ நழுவவிட்ட ஒரே ஒரு பாயிண்டு கையில் இருந்திருந்தால், பூராஸ் ஜனங்கள் அன்று அழுதிருக்க மாட்டார்கள்.

அதே லீக்கில் 2025-ம் ஆண்டு மியெல்பி என்ற கிராமத்து அணி கோப்பையை வென்றது. போடி நகரில் முக்கால் லட்சம் பேர் இருக்கிறோம். மியெல்பியில் சுமார் 1,400 பேர்தான்! அவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. பாயிண்டுகளை முன்னாலேயே சேர்த்துவைத்ததால், மூன்று ஆட்டம் பாக்கி இருக்கும்போதே கோப்பை உறுதியாகிவிட்டது.

கோவையின் சந்தோஷம் நீடிக்கவில்லை. எட்வின் 2019-லேயே சென்னையின் எப்.சி. அணிக்குப் போனார். அந்த லீக்கில் 21 கோல் போட்ட மன்சியை 2020-ல் ஜப்பானுக்கு அழைத்துக்கொண்டார்கள். 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது, ஆடும் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.