எலியை வயலிலேயே மடக்குங்கள், விஷத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்



"எலிதானே, என்ன பெரிசா செஞ்சிடப் போவுது?" என்று சிலர் கேட்கிறார்கள். கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் நெல் வரப்பில் ஒரு வளையைத் தோண்டிப் பாருங்கள். உள்ளே அடுக்கி வைத்திருக்கும் கதிரைக் கண்டால் மலைத்துப் போவீர்கள். வயிற்றுக்குத் தின்றதோடு விடாமல், கதிரை வெட்டி வளைக்குள் பதுக்குவது வயல் எலியின் குணம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்தையும், ஆண்டிமடம், செயங்கொண்டம் மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையையும் எலி விட்டு வைப்பதில்லை.

வயல் எலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்று வாரந்தான். ஒரு ஈற்றுக்கு 5 முதல் 10 குட்டிகள் வரை போடும். அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் தாயாகிவிடும். குடும்ப நலம் பேச எங்கள் ஊழியர்கள் நுழையாத வீடு எலிவளை ஒன்றுதான் போலிருக்கிறது!

ஆகவே பயிர் கதிர் வாங்கின பிறகு எலியைத் தேடி ஓடுவது வீண் அலைச்சல். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும் கோடையில், மிச்சமிருக்கும் எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கிக் கிடக்கும். அப்போது பிடிக்கும் ஒரு எலி, பிறகு பிடிக்கும் பத்து எலிக்குச் சமம். ஒருவர் மட்டும் பிடித்தாலும் பலன் இல்லை. பக்கத்து வயல் எலி மறுவாரமே உங்கள் வரப்புக்குக் குடிவந்துவிடும். ஊர் கூடிப் பேசி, ஒரு வாய்க்கால் பாசனத்தில் உள்ள எல்லோரும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும்.

வரப்பு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் எலிக்கு மாளிகை கட்டிக் கொடுத்த மாதிரி. வரப்பைச் சிறுத்துக் கட்டுங்கள், புல்லைச் செதுக்கி விடுங்கள். எந்த வளையில் எலி குடியிருக்கிறது என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. சாயங்காலம் எல்லா வளை வாயையும் மண் போட்டு மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புது மண் தள்ளியிருக்கிறதோ, அதில்தான் ஆள் இருக்கிறது. அதை மட்டும் வெட்டினால் போதும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: வளைக்குள் கையை விடக் கூடாது. எலி தேடி நல்ல பாம்பும் அதே வளையில்தான் நுழையும். பாம்பு கடித்தால் மந்திரம், பச்சிலை என்று நேரம் போக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவது இருளர்களின் பழைய முறை. பலன் உண்டு, ஆனால் ஊதுகிறவர் முகம் பொசுங்கும், நெஞ்சில் புகை ஏறும். கையால் சுற்றும் விசிறி வைத்த இரும்புப் பானை பிற்பாடு வந்தது. புகை போடுவதானால் அதுவே நல்லது. டெல்டாக்காரர்கள் மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி இன்னும் மேல். பொழுது சாய எலித் தடத்தில் வைத்து, விடிந்ததும் எடுத்துவிடலாம். விஷம் வேண்டியதில்லை. பயிர் பச்சையாக இருக்கும்போது வயலில் 'டி' வடிவத்தில் குச்சி நட்டால், இரவில் கூகையும் ஆந்தையும் வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். கூகை அபசகுனம் என்று விரட்டுகிறவர்கள் தங்கள் நெல்லைத்தான் எலிக்குக் கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால்தான் மருந்து. வேளாண்மை அலுவலரைக் கேட்டு, வயலுக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். வளைக்கு உள்ளே வைத்து வாயை மூடுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதையுங்கள். நாயும் பருந்தும் தின்றால் அவையும் சாகும்.

மருந்து வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் கதவை அடைத்துத் தூங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்து போனார்கள். அவர்கள் எதையும் தின்னவில்லை. காற்றில் கலந்த நஞ்சே போதுமானதாக இருந்தது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் விஷ வாயு கக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நெல் மூட்டைக்கு நடுவில் அதைப் போட்டுவிட்டு அதே அறையில் படுப்பது தற்கொலைக்குச் சமம். மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள், கதவின் அடிப்பக்கம் தகரம் அடியுங்கள், சுண்டுவிரல் நுழையும் ஓட்டையைக்கூட அடையுங்கள். வீட்டுக்குள் எலிப்பொறி போதும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை வாங்கவே வேண்டாம். பார்க்கப் பற்பசை மாதிரி இருக்கும். குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும். அதன் சூழ்ச்சி என்னவென்றால், முதலில் வாந்தி வரும், பிறகு இரண்டொரு நாள் ஆள் தேறினாற்போல் இருக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருப்பார்கள். அதற்குள் கல்லீரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகையால் பெரியவரோ குழந்தையோ, துளி வாயில் பட்டிருந்தாலும், கோபத்தில் தின்றிருந்தாலும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர், சாணக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். திட்டுவார்கள், போலீசு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், எந்த விஷமும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் 104-க்கு எந்நேரமும் பேசலாம்.

எலி சாகாமல் இருந்தாலும் நோய் தரும். அதன் மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடவு நடும்போது, கால் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறுகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைதல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திராதீர்கள். எலிமேல் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம். அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டாற்போல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு காய்ச்சலுக்கும் ஆரம்பத்திலேயே வந்தால் நல்ல மருந்து இருக்கிறது. வயலிலிருந்து திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

காய்ச்சலுக்கு முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரலாம். விஷம் உட்கொண்டவரைப் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எது கிட்டமோ அங்கே கொண்டு செல்லுங்கள்.