ஒரே பெயர், பல குரல்கள்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று, "ஜான்!" என்று ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நான்கு தலைகளாவது திரும்பும். அந்தோணியும் சூசையும் நிறைந்த நம் பங்குகளில் ஜானுக்கும் பஞ்சமில்லை. 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்னும் பொருளுடைய எபிரேயப் பெயர் அது. அப்பொருள் குன்றாமல் நம் முன்னோர் அதனை 'அருளப்பர்' என வழங்கினர்.

சொல்வதற்கு ஒரு நொடியும் ஆகாத இப்பெயரைக் கொண்டு ஓர் இசைத்தட்டையே நிரப்பியவர் ஒருவர் உண்டு. அவர் ஸ்டான் ஃபிரீபெர்க் என்னும் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஒருவரின் மகன். 1951-ல் வெளிவந்த அத்தட்டின் பெயர் 'ஜானும் மார்ஷாவும்'. அதில் வரும் சொற்கள் இரண்டே. அவள் "ஜான்" என்பாள். அவன் "மார்ஷா" என்பான். பின்னணியில் உருக்கமான இசை. கொஞ்சல், ஐயம், பிணக்கு, அழுகை, மீண்டும் கொஞ்சல் என அத்தனையும் அவ்விரு பெயர்களின் ஏற்ற இறக்கத்திலேயே நடந்தேறும். இரு குரலும் ஃபிரீபெர்க்கின் குரலே! வானொலித் தொடர் நாடகங்களின் மிகையான உருக்கத்தைக் கேலி செய்யவே அவர் இவ்வாறு செய்தார்.

கணவரைப் பெயர் சொல்லி அழைக்காத நம் தாய்மார், "என்னங்க" என்ற ஒரே சொல்லில் இதைவிடப் பெரிய நாடகத்தை நடத்திவிடுவர் என்பது வேறு செய்தி. பிள்ளைகளிடமோ பெயர்தான் பேசுகிறது. அடுக்களையிலிருந்து அன்னை "ஜான்" என்றால் சோறு ஆயத்தம். "ஜான் பீட்டர்!" என்று முழுப் பெயரும் நிறுத்தி நிதானமாக வந்தால், மதிப்பெண் பட்டியல் அகப்பட்டுவிட்டது எனப் பையன் அறிவான். இதில் நகைப்புக்கு இடமுண்டு. ஆனால் கடிந்துகொள்ளும் வேளையில் மட்டுமே தன் பெயரைக் கேட்டு வளரும் பிள்ளையை எண்ணினால் நமக்கு நகைப்பு வருவதில்லை. திருமுழுக்குத் தொட்டியருகே அன்போடு சொல்லப்பட்ட பெயர், அப்பிள்ளைக்கு அச்சத்தின் ஒலியாகிவிடுகிறது.

தொனி மாறினால் அழைப்பே மாறிவிடும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1962 முதல் 1992 வரை ஜானி கார்சன் நடத்திய இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், எட் மக்மான் என்பவர் 'இதோ ஜானி' என்னும் பொருள்பட நீட்டி முழக்கி அவரை அறிமுகம் செய்வார். அவையினர் மகிழ்ந்து கைதட்டுவர். 1980-ல் வந்த 'தி ஷைனிங்' திரைப்படத்தில், கோடரியால் கதவைப் பிளந்து, அப்பிளவில் முகத்தை நுழைத்து அதையே கூறுகிறான் ஒரு குடும்பத் தலைவன். கதவுக்கு அப்பால் நடுங்கி நிற்பவள் அவனுடைய மனைவி. கைப்பேசிகளில் இவ்விரு ஒலித்துணுக்குகளும் விளையாட்டாக உலவுகின்றன. இரண்டாவதை நாம் அவ்வளவு எளிதாகச் சிரித்துத் தள்ள இயலவில்லை.

துயரத்திலும் இப்பெயர் ஒலித்ததுண்டு. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் இராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டபின், டியான் என்னும் பாடகர் 'ஆபிரகாம், மார்ட்டின், ஜான்' என்ற பாடலைப் பாடி வெளியிட்டார். இலிங்கனும் கென்னடி சகோதரரும் கிங்கும் அதில் பட்டமோ பதவியோ இன்றி, வீட்டார் அழைப்பதுபோல் முதற்பெயரால் மட்டுமே அழைக்கப்படுகின்றனர்.

சக்கரியாவின் உறவினரோ, தம் குலத்தில் எவருக்கும் இல்லாத பெயர் என்று இதனைத் தடுத்தனர். பேச்சிழந்திருந்த தந்தை பலகையில் எழுதிக் காட்டியதும் அவருடைய நாவின் கட்டு அவிழ்ந்தது. 1958 அக்டோபர் 28 அன்று நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக எந்தப் பாப்பரசரும் சூடாதிருந்த இப்பெயரை, எழுபத்தாறு வயதான கர்தினால் ரொன்காலி தேர்ந்துகொண்டார். அது குடியானவரான தம் தந்தையின் பெயர் என்பதே அவர் கூறிய முதற்காரணம். அவர்தாம் இருபத்துமூன்றாம் அருளப்பர். 1962 அக்டோபர் 11 இரவு, சங்கம் தொடங்கிய நாளில், தீப்பந்தங்களோடு திரண்டிருந்த மக்களிடம் அவர் பேசியது ஒலிப்பதிவாக உள்ளது. வீடு திரும்பியதும் உங்கள் குழந்தைகளைத் தடவிக் கொடுத்து, இது பாப்பரசர் தந்தது என்று சொல்லுங்கள் என அதில் அந்த முதியவர் கேட்டுக்கொள்கிறார்.