விடியற்காலையில் மீன் மேலே வருவது ஏன்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சாண்டி கூப்பர் என்றொரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. மாரியன், மோல்ட்ரி என்னும் இரண்டு ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாயும் சேர்ந்த இத்தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 1,70,000 ஏக்கர். மே மாதத்தில், அங்கே வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் தறுவாயில், கிழக்கு வெளுக்கும் முன்பே தூண்டில்காரர்களின் படகுகள் துறையை விட்டுக் கிளம்பிவிடும். அவர்கள் தேடிப் போவது 'ஸ்டிரைப்டு பாஸ்' என்னும் கோட்டு மீனை. பொழுது விடிந்து ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்திற்குள் பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

இந்த மீனை நம் விவசாயிகள் வளர்க்க வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. குளிர்ச்சியை விரும்பும் இம்மீன் நம் ஊர்க் குட்டை நீரின் சூட்டைத் தாங்காது. ஆனால், அந்தத் தேக்கத்தில் விடியலில் மீன் மேலே வருவதற்கான காரணத்தையும், நம் பண்ணைக்குட்டையில் விடியலில் மீன் மேலே வருவதற்கான காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீருக்குள் நடப்பது நன்றாக விளங்கும். அங்கே நடப்பது வேட்டை. இங்கே நடப்பது பெரும்பாலும் மூச்சுத் திணறல். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, மீன் நன்றாகத் துள்ளி விளையாடுகிறது என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் குட்டைக்காரர், மதியத்தில் செத்து மிதக்கும் மீனை அள்ள நேரிடும்.

கடல் மீன் ஏரிக்கு வந்த கதை

வெள்ளி போன்ற உடலில், செவுளிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் அழகான மீன் இது. 2011-ஆம் ஆண்டில் கடலோரத்தில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 37 கிலோ இருந்தது. அட்லாண்டிக் கடற்கரையே இதன் தாய்வீடு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும் சாதி. நம் நாட்டில் உல்லம் மீன் அப்படித்தான் ஆறேறி வருகிறது. கொடுவாய்க்கு இதற்கு நேர் மாறான பழக்கம். உப்பங்கழியிலும் ஆற்று முகத்திலும் வளர்ந்துவிட்டு முட்டையிடக் கடலுக்குப் போகும்.

சாண்டி ஆற்றின் குறுக்கே 1939-இல் தொடங்கி 1942-க்குள் அணை வேலை முடிந்தபோது, ஆறேறி வந்திருந்த கோட்டு மீன்கள் அணைக்கு மேலே அகப்பட்டுக்கொண்டன. கடலுக்குத் திரும்ப வழியில்லாததால் அவை அழிந்துவிடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1950-களில் ஆராய்ந்து பார்த்தபோது, அவை தேக்கத்திலேயே வாழ்ந்து, தேக்கத்திற்கு நீர் கொண்டுவரும் காங்கரீ, வாட்டரீ ஆறுகளில் ஏறி முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெருகிவருவது தெரியவந்தது. கடலின் இடத்தை ஏரி எடுத்துக்கொண்டுவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஆற்றின் நீளத்தை. கோட்டு மீனின் முட்டை நீரைவிடச் சற்றே கனமானது. ஓடும் நீரில்தான் மிதந்து செல்லும். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து வண்டலில் மூச்சு முட்டிச் செத்துவிடும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகின்றன. அந்த இரண்டு நாட்களும் முட்டை உருண்டுகொண்டே போவதற்கு ஆறு நீளமாகவும் தடையின்றியும் ஓட வேண்டும். சாண்டி கூப்பர் தேக்கத்திற்கு மேலே அப்படிப்பட்ட ஆறுகள் தப்பித்திருந்தன. ஆகவே மீனும் தப்பியது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு, அதற்கு மேற்பட்ட பகுதிகளில் உல்லம் பெருமளவு மறைந்துபோனது. நம் காவிரியிலும் 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் கட்டுக்குள் வந்த பின்னர் உல்லம் வரத்து மிகவும் குறைந்தது. அணையால் பாசனம் பெற்ற நாம் அதற்காக அணையைக் குறை கூற முடியாது. எனினும் ஆற்று மீனுக்கு அது என்ன விலை என்பதைத் தெரிந்திருப்பது நல்லது.

தேக்கம் இருந்தும் மேலே நீண்ட ஆறு இல்லாத இடங்களில் என்ன செய்வது? அதற்கு வழி கண்டதும் தென் கரோலினாதான். 1960-களின் முற்பகுதியில் மாங்ஸ் கார்னர் என்ற ஊரின் குஞ்சுப் பொரிப்பகத்தில், சினை மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிடச் செய்யும் முறையை ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்பவர் செம்மைப்படுத்தினார். அதன்பின் பல மாநிலங்களின் நீர்த்தேக்கங்களில் இம்மீன் விரலிகள் விடப்பட்டன.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதே வழியை நம் நாடு கண்டிருந்தது என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். 1957 ஜூலை 10 அன்று கட்டாக் நகரில் டாக்டர் ஹிராலால் சௌத்ரி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இனத்தை முட்டையிடச் செய்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் வெள்ளம் ஓடும் ஆற்றில் முட்டையிடுபவையே. குட்டையில் எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் தாமாக முட்டையிடுவதில்லை. இன்று நீங்கள் அரசுப் பண்ணையிலோ தனியார் பண்ணையிலோ வாங்கும் குஞ்சு அந்த ஊசியின் வழிவந்ததே.

மே மாத விடியலின் இரகசியம்

கோட்டு மீனின் முக்கிய உணவு 'ஷாட்' எனப்படும் சிறு மீன். நம் மத்திக்கும் உல்லத்திற்கும் உறவான, கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன் அது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று பெருகும். வசந்தத்தின் கடைசியில், நீரின் சூடு 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி வரும்போது, இந்த ஷாட் முட்டையிடக் கரையோரம் வருகிறது. புல் பூண்டிலும், கரையைக் காக்க அடுக்கிய கல்லிலும் ஒட்டும் முட்டை அதனுடையது. அது முட்டையிடும் நேரம் இரவின் கடைசியும் விடியலும். வெயில் பட்டதும் கூட்டம் கலைந்துவிடும்.

அதே மாதத்தில்தான் ஆற்றில் முட்டையிட்டுவிட்டு, உடல் மெலிந்து, பெரும் பசியோடு கோட்டு மீன்கள் தேக்கத்திற்குத் திரும்புகின்றன. கரையோரத்தில் இரை மிதக்கிறது. இரவெல்லாம் ஆறிய மேல் நீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. அரை வெளிச்சத்தில் வேட்டை மீனின் கண் இரை மீனின் கண்ணைவிட நன்றாகத் தெரிகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். கூட்டமாக வந்து ஷாட்டை மேலே விரட்டி மடக்கி அடிக்கும்போது, நீர் கொதிப்பது போலத் தோன்றும் என்பார்கள். தெறித்து விழும் இரைக்காக மேலே நீர்ப்பறவைகள் வட்டமிடும். அனுபவமுள்ள தூண்டில்காரர் முதலில் பார்ப்பது பறவையைத்தான். படகில் எதிரொலிக் கருவி இருந்தாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

கொந்தளிக்கும் கூட்டத்தின் நடுவே படகை ஓட்டிச் செல்வது கூடாது. எட்ட நிறுத்தி, மேல்நீரில் இழுபடும் மரத்தாலான அல்லது பிளாஸ்டிக்கினாலான பொய் இரையை வீசுவார்கள். வெயில் ஏறிய பின் உயிர் இரையை ஆழத்தில் இறக்குவார்கள். இரை மீனை வீச்சு வலை போட்டு அவர்களே பிடித்து, காற்றூட்டும் வட்டத் தொட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். தொட்டி வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எப்போதும் நீந்திக்கொண்டே இருக்கும் அந்த மீன் சதுரத் தொட்டியின் மூலையில் மோதி அடிபட்டுச் சாகும். விரலி ஏற்றிச் செல்லும் நம் ஊர்க்காரர்களும் இதைக் கவனிக்கலாம்.

அங்கே இது பெரும்பாலும் பிழைப்பல்ல, பொழுதுபோக்கு. விலையுயர்ந்த படகும் கருவியும் வைத்துக்கொண்டு மூன்று மீன் பிடித்துத் திரும்புவதைப் பார்த்தால், பரிசலில் இரவு வலை விரித்து விடியலில் இழுக்கும் நம் அணைக்கட்டு மீனவருக்குச் சிரிப்பு வரக்கூடும். ஆனால் ஒன்று பாராட்டத்தக்கது. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூண்டில் கருவிகள் மீது வசூலாகும் வரி, மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்கே திரும்பி வருகிறது. மீன் பிடிப்பவர் கொடுக்கும் பணம் மீன் பெருக்கத்திற்கே போகிறது.

கோடையில் நெருக்கடி

ஜூன், ஜூலையில் நிலைமை மாறிவிடுகிறது. ஆழமான தேக்கத்தில் கோடை வெயிலால் மேல் நீர் சூடாகி இலேசாகிறது. அடி நீர் குளிர்ந்து கனமாகவே இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்கின்றன. கலக்காத அடி நீருக்குக் காற்றிலிருந்து பிராணவாயு கிடைப்பதில்லை. இருப்பதையும் அடியில் மக்கும் இலை தழையும் சேறும் தின்றுவிடுகின்றன. வளர்ந்த கோட்டு மீனுக்கு 25 டிகிரிக்கு உட்பட்ட நீர் வேண்டும். மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சு இல்லை. நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் மீன்கள் நெருங்கி நிற்கின்றன. அந்த அடுக்கும் மறைந்துபோகும் ஆண்டுகளில் பெரிய மீன்கள்தான் முதலில் மடிகின்றன. டென்னசி மாநில ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் இதை விரிவாக விளக்கினார்கள்.

இதனால்தான் சாண்டி ஆற்றுப் பகுதியில் வெயில் உச்சத்திலிருக்கும் மாதங்களில், செப்டம்பர் முடியும் வரை, இம்மீனைப் பிடிக்கவே தடை போட்டிருக்கிறார்கள். பிடித்துவிட்டு மீண்டும் நீரில் விட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சூடான நீரில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், விட்டதும் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் பிறகு செத்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் விட்டால் பெரும்பாலும் பிழைக்கிறது. மே மாத விடியலில் பிடித்து விடும் மீனுக்கும் ஜூலைப் பகலில் பிடித்து விடும் மீனுக்கும் அவ்வளவு வேறுபாடு.

நம் குட்டையில்

இனி நம் ஊருக்கு வருவோம். ஐந்தாறு அடி ஆழமுள்ள பண்ணைக்குட்டையில் நீர் பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சை பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே மூச்சு விடுகிறது. பாசி, மீன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து இரவு முழுதும் செலவழிக்க, வரவு என்பதே இல்லை. ஆக, நாளின் இருபத்துநான்கு மணியிலும் குட்டையில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது சூரியன் உதிக்கும் முன்தான். பெரிய தேக்கத்தின் மீனுக்கு விருந்து நேரம் எதுவோ, குட்டை மீனுக்கு அதுவே கண்டம்.

வேட்டையையும் திணறலையும் எப்படிப் பிரித்தறிவது? இரை தேடும் மீன் பாய்ந்து, தெறித்து, உடனே மறையும். திணறும் மீன் மறையாது. நீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும். கையைத் தட்டினால், கரையில் ஓங்கி மிதித்தால் ஒரு கணம் அமிழ்ந்து உடனே திரும்பி வரும். மேல் மட்டத்தில் வாழும் கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் வழக்கமாக முதலில் தென்படும். மிர்கால் போன்ற அடிமட்ட மீனும் மேலே வந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு என்று கொள்ள வேண்டும். விரால் மட்டும் வாய் திறந்தால் பயப்பட வேண்டாம்; அது பிறவியிலேயே காற்றை விழுங்கும் மீன்.

அப்படிக் கண்டால் அன்று தீவனமும் சாணமும் போடக் கூடாது. கிணற்று நீரோ கால்வாய் நீரோ இருந்தால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்ச வேண்டும். கிணற்று நீரில் பிராணவாயு குறைவாகவே இருக்கும், ஆகவே சிதறி விழுவது முக்கியம். வேறு நீர் இல்லையென்றால் குட்டை நீரையே பம்பு செட்டால் எடுத்து, பலகையில் மோதவிட்டுத் திரும்ப விழச் செய்யலாம். மின்சாரமும் இல்லாவிட்டால் இரண்டு பேர் இறங்கி, மேல் நீரைத் தடியால் அடித்துக்கொடுக்கலாம். அடிச்சேற்றைக் கலக்கிவிடக் கூடாது. அது இருப்பதையும் தின்றுவிடும். வெயில் நன்றாக ஏறும் வரை இதை நிறுத்த வேண்டாம்.

வானம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடியிருந்தால் பகல் வரவும் குறைந்துவிடும். அந்நாட்களில் முன்னிரவிலேயே பம்பு செட்டைத் தயாராக வைத்துவிட்டு, விடியும் முன் ஒரு முறை டார்ச் விளக்கோடு குட்டைக்குப் போய் வருவது நலம். தீவனத்தை எந்நாளும் காலை ஒன்பது மணிக்கு மேல், பிராணவாயு ஏறிய பிறகு போடுங்கள்.

அறுவடைக்கு விடியற்காலையே நல்லது. குளிர்ந்த நேரத்தில் பிடித்த மீன் சந்தைக்குப் போகும் வரை கெடாமல் இருக்கும். ஆனால் வலையை இறக்கும் முன் பத்து நிமிடம் கரையில் நின்று நீரைப் பார்க்க வேண்டும். மீன் வாய் பிளந்து நின்றால் அன்று வலை வேண்டாம். வலையில் அகப்படாமல் தப்பும் சிறு மீன்கள், கலங்கிய சேற்றில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே செத்துப்போகும். மறுநாள் நீர் தெளிந்த பிறகு, குட்டையில் நெருக்கம் குறையும்படி பெரியவற்றை மட்டும் எடுத்து விற்றுவிட்டால், மீதமுள்ளவை அடுத்த மாதத்திற்குள் எடை கூடிவிடும்.