எண்ணெயில் புகும் காற்று

ஏற்றத்தில் இழுவை குன்றி, இருமி, இறுதியில் நின்றுவிடும் பழைய டீசல் லொறியைக் கண்டதும், எண்ணெயைப் பீச்சும் பெரிய பம்பையே பலர் முதலிற் குறை கூறுவர். வீண் செலவு அங்கேதான் தொடங்குகிறது.

டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி இல்லை. இறுக்கப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றுகிறது. அவ்வெண்ணெய் 100 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்துடன் சீறிப் பாய்தல் வேண்டும். இடையிற் காற்றுக் குமிழி புகுந்துவிட்டாலோ, பம்பின் விசை அதனைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

காற்று புகுவது எவ்வழி? தாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தருவது வேறொரு சிறு பம்பு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குழாயில் வெடிப்பிருப்பின், வண்டி ஓடும்போது எண்ணெய் வெளியே கசியாது. காற்றே உள்ளே இழுபடும். ஆதலால், ஈரம் காணவில்லை என்று குழாயை நம்பிவிடலாகாது. வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, சிறு பம்பைக் கையால் இயக்கினால் நுரை வெளிப்படும். தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். பின்னரும் வண்டி நின்றால், இயந்திரத்துக்கு மேலாக ஒரு கலத்திற் சுத்தமான டீசலை வைத்து, நேரே வடிகட்டிக்கு விட்டுப் பார்க்கலாம். அப்பொழுது சீராக ஓடுமாயின், குற்றம் சிறு பம்பிலோ தாங்கிக் குழாயிலோதான். பெரிய பம்பைக் கழற்ற வேண்டியதில்லை.

தாங்கியின் மூடியைத் திறக்கையில் ‘உஸ்’ஸெனக் காற்று உட்புகுந்தால், மூடியிலுள்ள மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. அதற்கு ஓர் ஊசி போதும்.